கத்திரி வெயிலில் காஷ்மீர் வரை

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் கடைசியில், தேர்வுகள் முடிந்த கையோடு, ஏதாவது ஓர் ஊரில் அந்தப் புகைப்படம் எடுக்கப்பட்டுவிடும். இருபது இருபத்தைந்து இளைஞர்கள், எல்லோருக்கும் ஒரே நிற டி-ஷர்ட், கையில் சைக்கிள். பின்னால் ஃப்ளெக்ஸ் பேனர். பேனரில் இந்திய வரைபடம், கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை ஒரு சிவப்புக் கோடு, கோட்டுக்குக் கீழே ஏதோ ஒரு விழிப்புணர்வு வாசகம். நடுவில் பொன்னாடையோடு ஒரு பெரியவர், கையில் பச்சைக் கொடி. மறுநாள் செய்தியில் "கொளுத்தும் வெயிலிலும் மாணவர்கள் சாதனைப் பயணம்" என்று தலைப்பு வரும்.

அந்த "வெயிலிலும்" என்பதில் கடைசியாக ஓர் "உம்" இருக்கிறதே, வில்லங்கமே அங்கேதான். இலக்கணத்தில் அதற்கு உயர்வு சிறப்பும்மை என்று பெயர். நடைமுறையில் அதற்கு அர்த்தம் இதுதான்: வெயில் இல்லையென்றால் இது செய்தியே இல்லை. இதே பையன்கள் இதே தூரத்தை டிசம்பரில் ஓட்டினால் எந்த மாண்புமிகுவும் கொடியோடு வந்து நிற்க மாட்டார். வெயில்தான் இந்தப் பயணத்துக்கு மதிப்பெண் போடுகிறது. அதனால் வெயிலைத் தவிர்க்க வேண்டிய இடத்தில் எல்லோரும் சேர்ந்து வெயிலைத் தேடிப் போகிறார்கள்.

இங்கே சைக்கிளைக் குறை சொல்லவில்லை. ஒரு நாட்டைப் பார்க்க சைக்கிளைவிட நல்ல வாகனம் கிடையாது. ரயிலில் போனால் ஸ்டேஷன்தான் தெரியும், காரில் போனால் டோல்கேட்தான் தெரியும். சைக்கிளில் போகிறவனுக்குத்தான் கிருஷ்ணகிரி மேடு எவ்வளவு மேடு என்பதும், கர்நூலைத் தாண்டினால் டீயின் ருசி எப்படி மாறுகிறது என்பதும் தெரியும். கூட்டமாகப் போவதிலும் தவறில்லை. மே மாதத்தில், நடுப்பகலில், தேதி குறித்த அட்டவணையோடு, கல்லூரியின் பெயரைத் தாங்கிக்கொண்டு போவதுதான் தவறு. போகிறவர்கள் மேல் பழி போட வேண்டியதில்லை. பத்தொன்பது வயதில் யாருக்குத்தான் நாடு முழுக்க ஓட்டிவிட ஆசை இருக்காது? அனுப்புகிறவர்களையும் கைதட்டுகிறவர்களையும்தான் கேட்க வேண்டும்.

முதலில் வரைபடத்தையும் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இதை ஏனோ யாரும் செய்வதில்லை. கன்னியாகுமரியில் தொடங்கி ஸ்ரீநகர் வரை தேசிய நெடுஞ்சாலை 44 போகிறது. மதுரை, சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, ஜம்மு என்று மொத்தம் 3,700 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் என்று வைத்து மே 1 அன்று கிளம்பினால் என்ன ஆகும்? அக்னி நட்சத்திரம் தொடங்கும்போது தென் தமிழ்நாட்டில் இருப்பார்கள். மே நடுவில் ஹைதராபாத் பக்கம். மே 20ஐ ஒட்டி நாக்பூர். மே மாதம் நாக்பூரில் சராசரி பகல் வெப்பமே 42, 43 டிகிரி. அங்கிருந்து சாகர், ஜான்சி, குவாலியர். அதாவது புந்தேல்கண்ட். அங்கே போய்ச் சேரும்போது மே 25. வடக்கே 'நௌதபா' என்று சொல்வார்கள், வருடத்திலேயே மிகக் கொடிய ஒன்பது நாட்கள் என்று ஊர்க்கிழவிகள் எண்ணி வைத்திருப்பவை. அது தொடங்குவது சரியாக அந்த வாரத்தில்தான். மாதக் கடைசியில் ஆக்ரா, டெல்லி.

இங்கே கேரளத்தில் பருவமழை தொடங்குவது ஜூன் 1 வாக்கில். அது நாக்பூரை எட்ட ஜூன் நடுப்பகுதி ஆகிவிடும். ஆக இந்தப் பயணம் முழுக்க மழை இவர்களுக்குப் பின்னாலேயே வருகிறது, வெயில் இவர்களுக்கு முன்னாலேயே போகிறது. ஒவ்வொரு ஊரையும் அந்த ஊர் அதிகபட்சமாகக் கொதிக்கும் வாரத்தில் தொடுகிற மாதிரி யாராவது உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது! எதிர்த்திசையில் காஷ்மீரிலிருந்து மே 1 கிளம்பினாலும் கதை பெரிதாக மாறாது. மே 10 வாக்கில் டெல்லி, மே 20ஐ ஒட்டி நாக்பூர், அவ்வளவுதான்.

சரி, 43 டிகிரியில் சைக்கிள் மிதிக்கிற உடம்புக்குள் என்ன நடக்கிறது? கொஞ்சம் கணக்கு. சமதரையில், பையோடு, ஒரு சுமாரான வேகத்தில் ஓட்டுகிறவர் பெடலில் 150 வாட்ஸ் அளவுக்கு வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மனித உடம்பு ஒன்றும் சிக்கனமான எந்திரம் இல்லை. எரிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கோ, மிஞ்சிப் போனால் நான்கில் ஒரு பங்கோதான் பெடலுக்குப் போகும். மீதி எல்லாம் சூடு. அதாவது 500 வாட்ஸ் அளவுக்கு. பழைய 100 வாட்ஸ் குண்டு பல்பு ஐந்தை விலாவுக்குள் எரியவிட்ட மாதிரி.

இந்தச் சூடு வெளியே போக வழி வேண்டும். தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் காற்றே கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். காற்று 43 டிகிரி என்றால்? அது எடுக்காது, கொடுக்கும். சைக்கிள் ஓட்டும்போது முகத்தில் அடிக்கிற எதிர்க்காற்று சுகமாக இருக்கிறது என்று நினைக்கிறோமே, நாக்பூரில் மே மாதம் அது அடுப்படியில் ஊதுகுழல் வழியாக வருகிற காற்று. மேலே இருந்து சூரியன், கீழே இருந்து தார். ஆக மிச்சமிருக்கிற ஒரே வழி வியர்வை. அதுவும் வழிந்து சொட்டினால் பிரயோஜனம் இல்லை, ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகும். உள்ளே உண்டாகிற சூட்டுக்கே மணிக்கு முக்கால் லிட்டர் ஆவியாக வேண்டும். வெயிலும் அனல் காற்றும் சேர்ந்தால் மணிக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர். ஆறு மணி நேரம் ஓட்டினால்? கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வயிறும் குடலும் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் உறிஞ்சத் திணறும். இழக்கிற வேகத்துக்குக் குடித்து ஈடுகட்ட முடியாத நிலை நடுப்பகலில் வந்தே தீரும். அதற்குப் பயந்து வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் அது வேறொரு ஆபத்து. (நீராகாரமும் உப்புப் போட்ட மோரும் குடித்து வயலுக்குப் போன ஆட்கள் இந்தப் பாடத்தைக் கல்லூரிக்குப் போகாமலேயே படித்திருந்தார்கள்.)

வறண்ட ஊரில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. வியர்வை தோலில் தெரிவதற்குள் காய்ந்துவிடும். "எனக்கு வேர்க்கவே இல்லடா" என்று சொல்கிறவன் ஒரு லிட்டர் இழந்திருப்பான். சட்டையில் உப்பு வெள்ளைக் கோடாகப் படியும்போதுதான் தெரியும். கடற்கரை ஊரில் இதற்கு நேர்மாறு. டிகிரி குறைவு, ஈரப்பதம் அதிகம், வியர்வை கொட்டும், ஆனால் காயாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரியைத் தொட்டால் மனித உடம்பு தாங்காது என்று 2010ல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. 2022ல் பென்சில்வேனியாவில் ஆரோக்கியமான இளைஞர்களையே அறைக்குள் வைத்துச் சோதித்தபோது 31 டிகிரி வாக்கிலேயே உடம்பு கட்டுப்பாட்டை இழக்கத் தொடங்கிவிட்டது. அவர்கள் மலையேறிக்கொண்டிருக்கவில்லை, லேசான வேலைதான் செய்துகொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "ஏன்யா, நம்ம விவசாயி வெயிலில் வேலை செய்யலையா? கட்டடத் தொழிலாளி செய்யலையா? இந்தக் காலத்துப் பசங்களுக்குத்தான் ஏசி கேட்குது." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விவசாயியைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் தெரியும். கோடையில் அவர் ஏர் பூட்டுவது விடிவதற்கு முன், பத்து பதினோரு மணிக்கு மரத்தடி. தூத்துக்குடி உப்பளங்களில் இருட்டிலேயே வேலைக்குப் போய்விடுகிறவர்கள் எத்தனையோ பேர். வெயிலோடு வாழ்கிறவர்கள் வெயிலோடு மல்லுக்கட்டுவதில்லை, அதற்கு வழிவிட்டு ஒதுங்குகிறார்கள். ஒதுங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், மதியம் ரோடு போடுகிறவர்கள், செங்கல் சுமக்கிறவர்கள். அவர்களுக்கு வெயில் ஒன்றும் செய்யவில்லை என்று யார் சொன்னது? அவர்கள் மயங்கி விழுந்தால் பேப்பரில் படம் வராது, அவ்வளவுதான். அவர்களுடைய கஷ்டத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டு மாணவர்களை அளப்பதைவிட, அந்தக் கஷ்டத்தைக் குறைக்க எதையாவது செய்யலாம்.

அதோடு, அந்தத் தொழிலாளியின் உடம்பு மார்ச் மாதத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழகியிருக்கிறது. பழகுவது என்பது மன உறுதி சம்பந்தப்பட்டது இல்லை. ரத்தத்தின் அளவு கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். இதற்குப் பத்திலிருந்து பதினான்கு நாட்கள் பிடிக்கும். நம் மாணவர் ஏப்ரல் முழுக்க என்ன செய்துகொண்டிருந்தார்? ஃபேனுக்குக் கீழே அரியர் பேப்பருக்குப் படித்துக்கொண்டிருந்தார் :-). அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கிற ஓஷா என்ற அரசு அமைப்பு சொல்வதைக் கேட்டால் தூக்கிவாரிப்போடும். வெளியிடங்களில் வேலை செய்து வெப்பத்தால் இறப்பவர்களில் 50 முதல் 70 சதவீதம் பேர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே இறக்கிறார்கள். அதனால் புது ஆளுக்கு முதல் நாள் வெயிலில் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கக் கூடாது, பிறகு தினம் ஐந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும் என்பது அவர்களுடைய பரிந்துரை. நம் பயணத்தில் முதல் நாள்தான் இருப்பதிலேயே நீளமான நாளாக இருக்கும். ஏன்? உற்சாகமாக இருக்கிறார்களாம்!

இப்போது அந்த முதல் நாளின் காலையைப் பார்க்க வேண்டும். கோடையில் சைக்கிளுக்கு உகந்த நேரம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது விடியற்காலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரை. தினமும் நான்கு மணி நேரம், தங்கம் மாதிரி. அந்த நான்கு மணி நேரத்தை என்ன செய்கிறார்கள்? மைதானத்தில் வரிசையாக நிற்கவைக்கிறார்கள். சிறப்பு விருந்தினர் எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருப்பார், ஒன்பதேகாலுக்கு வருவார். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, "இன்றைய இளைஞர்கள் நாளைய தூண்கள்" என்று ஓர் உரை, பிறகு நன்றியுரை. கொடி அசையும்போது மணி பத்தரை. நிழல் காலுக்கடியில் சுருங்கத் தொடங்கியிருக்கும். அப்போதுதான் பெடலில் முதல் மிதி விழும்.

இது முதல் நாள் கூத்து மட்டுமல்ல. வழியில் ஒவ்வொரு ஊரிலும் வரவேற்பு வைத்திருப்பார்கள். இன்ன ஊரில் 11 மணிக்கு இன்ன சங்கம், இன்ன ஊரில் மதியம் 3 மணிக்கு இன்ன பள்ளி என்று அட்டவணை அச்சடித்தாயிற்று. சைக்கிள்காரன் வெயிலைப் பார்த்துக் கிளம்ப வேண்டியவன், மேடையைப் பார்த்துக் கிளம்புகிறான். ஒருநாள் தாமதித்தால் அடுத்த ஐந்து ஊரின் மேடையும் சரியும். அதனால் உச்சி வெயிலிலும் நிற்க முடியாது. வரவேற்புக் குழு பந்தலுக்குக் கீழே இளநீரோடு காத்திருக்கும், பையன்கள் பந்தலை நோக்கி வெயிலில் மிதித்துக்கொண்டிருப்பார்கள்.

கூட்டமாக ஓட்டுவதற்கென்று ஒரு தனிக் கொடுமையும் உண்டு. கூட்டத்தில் பலசாலி முன்னால் போவான், ஒரு புளியமரத்தடியில் நிறுத்திப் பின்னால் வருகிறவர்களுக்காகக் காத்திருப்பான். இருபது நிமிடம் ஓய்வு, தண்ணீர், வெள்ளரிக்காய். கடைசி ஆள் நாக்கு தள்ள வந்து சேரும்போது "வந்துட்டான்டா, கிளம்பலாம்" என்று எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ஆக யாருக்கு ஓய்வு மிக அதிகமாகத் தேவையோ அவனுக்கு ஓய்வே கிடையாது. நாள் முழுக்க இப்படி ஏழெட்டு முறை நடக்கும். அவன் "முடியலை" என்று சொல்வானா? பேனரில் அவன் படமும் இருக்கிறது. ஊரில் தட்டி வைத்திருக்கிறார்கள். அப்பா எல்லோரிடமும் சொல்லியாயிற்று. சொல்ல மாட்டான்.

வெப்பத்தாக்கு வந்தால் முதலில் கெடுவது புத்தி. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது ஆள் உளறுவான், தடுமாறுவான், சம்பந்தமில்லாமல் கோபப்படுவான், இல்லை சிரிப்பான். கூட இருப்பவர்கள் கிண்டல் என்று நினைப்பார்கள். ஓடிக்கொண்டிருந்த சைக்கிளை நிறுத்தியதும் எதிர்க்காற்றும் நின்றுவிடும், வியர்வை காய்வது குறையும், அதனால் பலபேர் ஓட்டும்போது விழ மாட்டார்கள், நிறுத்திய பிறகு டீக்கடை வாசலில் விழுவார்கள். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீரைக் கொட்டி, விசிறி, ஐஸ் கிடைத்தால் ஐஸ், எப்படியாவது அரை மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிர வைக்க வேண்டும். 108க்குப் போன் செய்துவிட்டு ஆம்புலன்ஸ் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. காய்ச்சல் மாத்திரை வேலை செய்யாது, நினைவில்லாதவன் வாயில் சோடாவும் ஊற்றக் கூடாது. இந்த ஒரு பத்தி அளவு விஷயத்தைப் பயணம் கிளம்பும் முன் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும். நன்றியுரைக்கு ஒதுக்கிய நேரத்திலேயே சொல்லியிருக்கலாம்.

"வெளிநாட்டில் இதைவிடப் பெரிதாக எல்லாம் செய்கிறார்களே" என்பது இன்னொரு வாதம். செய்கிறார்கள்தான். ஜூன் மாதம் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கிற ராம் என்ற போட்டி கலிஃபோர்னியாவின் பாலைவனம் வழியாகப் போகிறது. 2017ல் இரண்டு இந்தியர்கள் அதைத் தனியாக ஓட்டி முடித்தார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு வண்டி, ஐஸ், மாற்றி மாற்றி விழித்திருக்கும் உதவியாளர்கள், வருடக்கணக்கான தயாரிப்பு. தூர் த பிரான்ஸ் ஜூலையில்தான் நடக்கிறது. அங்கேயும் இந்தப் பாடத்தைச் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. 1967 ஜூலை 13ஆம் தேதி மோன் வான்டூ மலைச்சரிவில் டாம் சிம்ப்சன் என்ற இங்கிலாந்து வீரர் சைக்கிளிலிருந்து சரிந்து இறந்தார். ஊக்கமருந்தும் மதுவும் உடம்பில் இருந்தன, உண்மைதான். ஆனால் கொடும் வெயிலும் இருந்தது, தண்ணீருக்குக் கட்டுப்பாடும் இருந்தது. குறைவாகக் குடிப்பதே வீரனுக்கு அழகு என்று நம்பிய காலம் அது. இன்றைக்கு உலக சைக்கிள் சம்மேளனம் வெப்பத்துக்கென்றே விதிமுறை வைத்திருக்கிறது. 2024ல் கொண்டுவந்த அந்த விதிப்படி சூடு அதிகமானால் தொடங்கும் நேரத்தை மாற்றலாம், பாதையைக் குறைக்கலாம், ரத்தும் செய்யலாம். சம்பளம் வாங்கி ஓட்டுகிற, உலகத்திலேயே பலமான தொடைகள் கொண்ட ஆட்களுக்கு இந்தச் சலுகை. இரண்டாமாண்டு மெக்கானிக்கல் மாணவனுக்கு மேடையில் இருந்து கைதட்டல்.

நம் நாட்டிலேயே நல்ல முன்னுதாரணம் இல்லாமலில்லை. 1923ல் பம்பாயிலிருந்து ஒரு பார்சி இளைஞர் குழு சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பியது. அதில் அடி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா மூவரும் 1928ல், சுமார் 71,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்பினார்கள். வழியில் பாரசீகம், மெசபடோமியா என்று பாலைவனமெல்லாம் கடந்தார்கள். அவர்கள் பம்பாயிலிருந்து புறப்பட்டது அக்டோபரில். வெயில் போகிற வழியில் வந்தது, வெயிலுக்காக அவர்கள் போகவில்லை. டூர் ஆஃப் நீல்கிரீஸ் என்ற நெடுந்தூரக் கூட்டுப் பயணமும் 2008ல் தொடங்கப்பட்டபோது அதற்கு டிசம்பர் மாதத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். யாரும் அவர்களைக் கோழை என்று சொன்னதாகத் தெரியவில்லை.

விழிப்புணர்வு என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் பேசித்தான் ஆக வேண்டும். புவி வெப்பமயமாதலைப் பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்த 43 டிகிரியில் சைக்கிள் ஓட்டுவார்கள், பின்னாலேயே டீசல் வேன் ஒன்று சாமான்களையும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் பெட்டிகளையும் சுமந்துகொண்டு இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு வரும். புந்தேல்கண்டில் வயல் வேலை முடித்துக் கட்டிலில் சாய்ந்திருக்கிற மனிதர், தன் வீட்டு வாசலில் நடுப்பகலில் வேர்க்க விறுவிறுக்கப் போகிற வெளியூர்ப் பையன்களைப் பார்த்து என்ன விழிப்படைவார்? "பாவம், யார் பெற்ற பிள்ளைகளோ" என்று ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பார். விழிப்பு யாரிடம் இருக்கிறது என்பது அந்தச் சொம்பிலேயே தெரிந்துவிடும்.

சைக்கிளும் கூட்டமும் சேர்ந்து நிஜமாகவே ஓர் ஊரை மாற்றிய கதை நம்மிடமே இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பின்பலம். குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், விவசாயக் கூலிகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்களுக்கு மேல் மணியடித்துக்கொண்டு நகருக்குள் வந்ததை பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அதுவும் பேரணிதான். ஆனால் அந்தப் பேரணி முடிந்த மறுநாள் அந்தப் பெண்கள் அதே சைக்கிளில் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போனார்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் சந்தைக்குப் போனார்கள், மகளைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்குப் போனார்கள். காஷ்மீர் போய் வந்த சைக்கிள்கள் மறுநாள் எங்கே போகின்றன? பாதி பேர் கல்லூரிக்கு பைக்கில்தான் வருகிறார்கள்.

கைதட்டுகிற பழக்கம் நம்மை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 2020 மே மாதத்தில் பார்த்தோம். ஊரடங்கில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி காயம்பட்ட அப்பாவைக் கேரியரில் உட்காரவைத்து குருகிராமிலிருந்து பீகாரில் தர்பங்கா வரை சுமார் 1,200 கிலோமீட்டர் மிதித்தாள். வாடகை கொடுக்கக் காசில்லை, ஊர் போக வண்டியில்லை. அவளுக்கு வேறு வழியில்லை, அவ்வளவுதான் விஷயம். நாடு என்ன செய்தது? "என்ன ஒரு சகிப்புத்தன்மை" என்று உலகம் பூராவும் சிலாகித்தது. சைக்கிள் சம்மேளனம் தேர்வு முகாமுக்குக் கூப்பிட்டது. ஒரு குழந்தை மே மாத வெயிலில் அந்தத் தூரத்தை ஏன் ஓட்ட நேர்ந்தது என்று கேட்க வேண்டிய இடத்தில், எவ்வளவு நன்றாக ஓட்டினாள் என்று பேசினோம். வெயிலில் துன்பப்படுகிறவரைப் பார்த்தால் நிழல் கொடுக்கத் தோன்றாமல் பதக்கம் கொடுக்கத் தோன்றுவது ஒரு வியாதி. கோடைச் சாதனைப் பயணங்கள் அந்த வியாதியின் இன்னொரு அறிகுறி.

"இதுவரை ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையில் ஒரு விருது விழா. திறந்த மைதானம், பகல் நேரம், மேலே பந்தல் இல்லாத கூட்டம். வெப்பம் 38 டிகிரி வாக்கில்தான். 14 பேர் இறந்தார்கள். 2024 அக்டோபர் 6, சென்னை மெரினா, விமான சாகசக் காட்சி, பகல் 11 மணி முதல் 1 மணி வரை. ஐந்து பேர். அது கத்திரிகூட இல்லை, ஐப்பசி வரப்போகிற நேரம். அதே ஆண்டு ஜூன் 1, மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு நாள், உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 33 தேர்தல் பணியாளர்கள் வெப்பத்தால் இறந்ததாக அந்த மாநிலத் தேர்தல் அதிகாரியே சொன்னார். இவர்களில் யாரும் பெடல் மிதிக்கவில்லை. உட்கார்ந்திருந்தார்கள், நின்றிருந்தார்கள், வேலை பார்த்தார்கள். நேரத்தைக் குறித்தவர்கள் நிழலில் இருந்தார்கள் என்பது மட்டும்தான் பொது அம்சம்.

அப்படியானால் கோடை விடுமுறையில் சைக்கிளே எடுக்கக் கூடாதா? எடுக்கலாம். நான்கரை மணிக்கு முன்விளக்கும் பின்விளக்கும் போட்டுக் கிளம்பி, ஒன்பதரைக்குள் எந்த ஊரோ அந்த ஊரில் நிறுத்திவிட்டால் நிதானமாக 70, 75 கிலோமீட்டர் ஓட்டலாம். அதற்கும் முன்னால் கிளம்ப வேண்டாம், மூன்று மணிக்கு நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவருக்கும் கண் சொருகும் நேரம். அந்தக் கணக்கில் காஷ்மீருக்கு ஐம்பது நாள் ஆகும், விடுமுறை போதாது என்பார்கள். போதாதென்றால் காஷ்மீர் வேண்டாம். அந்தச் சிவப்புக் கோட்டை நாடு முழுக்க இழுத்தாக வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது? முதல் இரண்டு வாரம் 30, 40 கிலோமீட்டரோடு நிறுத்தி உடம்பைப் பழக்கலாம். திருநெல்வேலியிலிருந்து தென்காசி, குற்றாலம் என்று சாரல் தொடங்குகிற வாரத்தில் போகலாம். மேடையும் கொடியும் இல்லாமல் ஆறு பேராகப் போகலாம், முடியாதவனை பஸ் ஏற்றிவிடலாம், அவனை யாரும் கேலி செய்யாமல் இருக்கலாம். மாவட்டத்துக்கு மாவட்டம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வானிலைத் துறை தினமும் எச்சரிக்கை வெளியிடுகிறது. சமவெளியில் 40 டிகிரியைத் தாண்டி இயல்பைவிட நாலரை டிகிரி கூடினால் வெப்ப அலை, இயல்பு எதுவாக இருந்தாலும் 45ஐத் தொட்டால் வெப்ப அலை. ஆரஞ்சு போட்ட நாளில் சைக்கிள் நகராது என்று ஒரு வரி விதி எழுத எந்தக் கமிட்டியும் தேவையில்லை.

ஆனால் எழுதப்படுவது வேறு. பயணத்துக்குப் பெயர் கொடுக்கிற ஒவ்வொரு மாணவரும் ஒரு படிவம் கொண்டுவர வேண்டும். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். "என் மகன் தன் சொந்த விருப்பத்தின் பேரில் இப்பயணத்தில் பங்கேற்கிறான். பயணத்தின்போது ஏதேனும் அசம்பாவிதம் நேர்ந்தால் நிர்வாகமோ ஒருங்கிணைப்பாளர்களோ எவ்விதத்திலும் பொறுப்பல்ல." ஒன்றும் ஆகாது என்று மேடையில் சொல்கிறவர்கள்தான் கீழே இந்தக் காகிதத்தைக் கட்டிக் கோப்பில் வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் படிவத்தில் இரத்த வகைக்கு இடம் இருக்கிறது, டி-ஷர்ட் அளவுக்கு இடம் இருக்கிறது. காலை எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள், எத்தனை டிகிரி ஆனால் நிறுத்துவார்கள், நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதற்கு ஒரு கோடுகூடக் கிடையாது.